ஜோகூர் பாருவுக்கு ஒருநாள் போய் வர

சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடக்க அரைமணி ஆகுமா மூன்று மணி ஆகுமா என்பது நீங்கள் கிளம்பும் வேளையைப் பொறுத்தது. வார நாளில் விடிகாலை ஜோகூரிலிருந்து வேலையாள்கள் இங்கே வருகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். நீங்கள் அவர்களுக்கு எதிர்த்திசையில் போங்கள். செவ்வாய், புதன் காலை சுகம். வெள்ளி மாலை போவதும் ஞாயிறு மாலை திரும்புவதும் வேண்டவே வேண்டாம்.

கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்போரும் பயணத்துக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, பணம் கேட்டால் போலித் தளம்.

ஏற வேண்டிய பேருந்துகள்: குவீன் ஸ்திரீட்டில் 170, கிராஞ்சி எம்ஆர்டியில் 170எக்ஸ், ஜூரோங் ஈஸ்ட்டில் 160. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையோடு இறங்குங்கள். நீங்கள் வந்த பேருந்து காத்திருக்காது. குடிநுழைவு முடிந்ததும் அடுத்து வருவதில் ஏறலாம். ரொக்கம் கொடுத்தவர்கள் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். மஞ்சள் நிறத் தனியார் பேருந்தில் இந்தச் சீட்டு செல்லாது. ஜோகூர்ப் பக்கம் குடிநுழைவைத் தாண்டியதும் கீழே இறங்கினால் ஜோகூர் பாருவின் பெரிய பேருந்து முனையமான லார்க்கினுக்குப் பேருந்து. ஊருக்குள் நடக்க விரும்புபவர்கள் இறங்காமல் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையப் பக்கமுள்ள நடைபாலத்தைப் பிடியுங்கள்.

அங்கிருந்து ஜாலான் துருஸ் நடை தூரம்தான். தியோச்சியூ, ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என ஐந்து சீனச் சமூகங்களும் சேர்ந்து வழிபடும் பழைய கோயில் அங்கே இருக்கிறது. அதே தெருவில் சீக்கியர் குருத்வாராவும் உண்டு. ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில். துணி வெளுத்த நம்மவர் பெயரைச் சுமக்கும் ஜாலான் டோபியையும் பக்கத்து ஜாலான் தான் ஹியோக் நீயையும் விட்டுவிடாதீர்கள். விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக் கிடைக்கும். கண்ணாடிக் கோயிலான ராஜகாளியம்மனுக்கு மட்டும் வண்டி பிடிப்பது நல்லது.

48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான பொருளுக்குத்தான் வரிச்சலுகை, வேலை அனுமதியில் இருப்போருக்கு அதுவும் இல்லை. மேற்பட்டதற்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மலேசியாவிலிருந்து கொண்டுவரும் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் சலுகையே இல்லை. மின்சிகரெட் அறவே கூடாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப்போகிறீர்களா? அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒருமுறை விசாவோடு கடற்பாலம் தாண்டினால் திரும்பி வர முடியாது. விசா சரியாக இருந்தாலும், திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை அவர்களுக்காக மறுபடி நிரப்ப வேண்டும்.