கூட்டலா கழித்தலா என்று கேட்கும் குழந்தைக்கு

வாக்கியக் கணக்கைப் பார்த்ததும் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று குழந்தை கேட்டால், தயவுசெய்து உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் அதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கே.

முதலில் எண்களைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். யார், என்ன நடந்தது, எதைக் கேட்கிறார்கள் என்பதைக் கதை மாதிரி அவர்கள் வார்த்தையிலேயே சொல்லட்டும். இது வராமல் பென்சிலைக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்: கவிதாவிடம் 12 மாங்காய், அது முருகனிடம் இருப்பதைவிட 5 அதிகம், முருகனிடம் எத்தனை? நிறையப் பேர் 17 என்பார்கள். "அதிகம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல்" என்று நாம் மனப்பாடம் செய்யவைத்ததன் விளைவு இது, அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, கவிதாவின் மாங்காய்களுக்கு ஒன்று, முருகனுடையதற்கு ஒன்று என இரண்டு நீளப் பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள், சிங்கப்பூர் பள்ளிகளில் 1980களிலிருந்து செய்வது போல. யாருடைய பட்டை நீளம் என்று கேட்டாலே போதும், கவிதாவுடையது நீளம், முருகனுடையது 5 குறைவு, 7 என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விடை வந்ததும் கதைக்குத் திரும்ப வேண்டும். 26 குழந்தைகள், ஆட்டோவுக்கு 4 பேர் என்றால் வகுத்தல் 6, மீதி 2 என்று முடிகிறது. சரி, அந்த இரண்டு பேர் எப்படிப் போவார்கள்? 7 ஆட்டோ வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும்.