ஓடி ஓய்ந்த ரேஸ் குதிரையை மீட்டு நல்ல இடத்தில் சேர்ப்பது எப்படி

பீச்சில் ஒரு குதிரை நிற்கிறது. முதுகில் ஜிகினா வைத்த வெல்வெட் துணி, நெற்றியில் குஞ்சலம், விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். நல்ல உயரம், நீளமான கால், மெல்லிய தோல் என்று இருந்தால் அது பெரும்பாலும் ஒரு காலத்தில் ரேஸில் ஓடிய தரோபிரெட், அதாவது ரேஸுக்கென்றே வளர்க்கிற இனம்தான். 2 வயதில் ஓட ஆரம்பிக்கிற குதிரைக்கு 6, 7 வயதில் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அது 25 வயது வரைக்கும் இருக்கும். நடுவில் இருக்கிற அந்தப் பதினெட்டு வருஷத்தில் யார் அதற்குத் தீனி போடுவது? ரேஸ் லாயத்திலிருந்து ரைடிங் ஸ்கூல், அங்கிருந்து பீச் சவாரி, அப்புறம் கல்யாண ஊர்வலம், கடைசியில் ரோட்டோரக் குப்பைத்தொட்டி என்று கை மாற மாற அதன் நிலைமை கீழேதான் போகும். இப்படிக் கை மாறுவது உங்களோடு நின்றால்தான் மீட்டதாக அர்த்தம். நீங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆறு மாதம் கழித்து யாரோ கேட்டார் என்று தூக்கிக் கொடுத்தால் நீங்களும் அந்த வரிசையில் இன்னொரு கை, அவ்வளவுதான்.

அதனால் குதிரையைத் தொடுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அதன் எடையில் 2 சதவீதம், அதாவது தினம் 9 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும், மாதத்துக்கு 270 கிலோ. தண்ணீர் 30, 40 லிட்டர், சித்திரை வெயிலில் அதற்கும் மேலே. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். குடற்புழு மருந்து, பல் ராவுவது, டெட்டனஸ் ஊசி எல்லாம் தனி. குறைந்தது ஆறு மாதத்துக்கான பணம், நிழலும் வேலியும் உள்ள இடம், குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர், குதிரையைப் பராமரிக்கிற அனுபவமுள்ள ஓர் ஆள் (சைஸ்) ஆகிய நாலும் கையில் இல்லையென்றால் நீங்களே மீட்க வேண்டாம், மீட்கிறவர்களுக்குத் தீவனம் வாங்கிக் கொடுங்கள். அதுவும் பெரிய உதவி.

பணம் கொடுத்து வாங்கி மீட்காதீர்கள். பரிதாபப்பட்டு நீங்கள் கொடுக்கும் பணத்தில் அடுத்த மாதமே அதே இடத்துக்கு இன்னொரு மெலிந்த குதிரை வந்து நிற்கும். நாங்கள் முதன்முதலில் செய்த தப்பு இதுதான், இரண்டாவது குதிரையைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

முதலில் பேசிப் பாருங்கள். வைத்திருப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. "வேணும்னு பட்டினி போடல சார். சீசன்ல அது எனக்குச் சோறு போடுது, மழையில சவாரிக்கு யாரு வர்றா? என் வீட்லயே அரிசி இல்ல" என்று ஒருவர் சொன்னார், பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்டவரிடம் "அண்ணே, நீங்க இதை வெச்சுக் கஷ்டப்பட வேணாம், எங்ககிட்ட விட்டுருங்க, எப்ப வேணா வந்து பாருங்க" என்று சொன்னால் பல பேர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு, குதிரையின் நிறம், அடையாளம், மைக்ரோசிப் எண் போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கூட்டிவந்தால், குதிரை தேறியதும் திரும்பக் கேட்டு வந்து நிற்பார்கள்.

பேச்சு எடுபடவில்லையென்றால் சட்டம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. தீனி, தண்ணீர், நிழல் தராததும், காயத்தோடு வேலை வாங்குவதும், தெருவில் கைவிடுவதும் அதில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். தொகையைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள், நமக்கு வேண்டியது குதிரை. வழக்குப் பதிவானால், 2017இல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகளின்படி, வழக்கு முடியும்வரை குதிரையை விலங்கு நல அமைப்பிடம் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். தனி ஆளாகப் போகாமல், பதிவு பெற்ற அமைப்பையோ மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்தையோ சேர்த்துக்கொண்டு போகச் சொல்வது இதற்காகத்தான். தேதி தெரிகிற மாதிரி வீடியோ, காயத்தின் படம், அரசு கால்நடை மருத்துவரின் சான்று, இந்த மூன்றும் இருந்தால் ஸ்டேஷனில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சரி, குதிரை வந்துவிட்டது. எடுத்தவுடன் மற்ற குதிரைகளோடு கட்டாதீர்கள். மூன்று, நான்கு வாரம் தனி இடம், தனித் தொட்டி, தனி பிரஷ். கிளாண்டர்ஸ் என்ற நோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். அது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். மாதிரியை ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் சோதிக்கும், கால்நடைத் துறை மருத்துவர் வழியாக அனுப்பலாம். மூக்கில் சளியோ தோலில் வரிசையாகக் கட்டியோ இருந்தால் முடிவு வரும்வரை கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், உண்ணி கடித்த தடம் நிறைய இருந்தால் பபேசியாவுக்கும். சென்னை, சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தினம் காலையில் சூடும் நாடியும் குறித்து வையுங்கள். சூடு 99 முதல் 101 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. எடை போடத் தராசு தேவையில்லை, தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். நாங்கள் கொண்டுவந்த கண்மணிக்குச் சுற்றளவு 165, நீளம் 150. 344 கிலோ. அவள் உயரத்துக்கு 450 இருக்க வேண்டும்.

இப்போது சொல்லப்போவதுதான் உயிர் போகிற விஷயம். பட்டினி கிடந்த குதிரைக்கு வயிறு நிறையப் போடாதீர்கள். பாசத்தில் கொள்ளை வேகவைத்து, வெல்லம் கலந்து ஒரு வாளி வைப்பார்கள், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குதிரை விழுந்துவிடும். மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸும் மெக்னீசியமும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விட, இதயம் நின்றுவிடுகிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டிகள் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது, கொள்ளு இளைத்த குதிரைக்கு ஆகாது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்ததில் நன்றாக வேலை செய்தது லூசர்ன் என்கிற குதிரை மசால்தான், பெயரே குதிரை என்று இருக்கிறது பாருங்கள். முதல் மூன்று நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிலோ காய்ந்த மசால், ராத்திரி 2 மணிக்கும் எழுந்து வைக்க வேண்டும். காய்ந்தது கிடைக்காவிட்டால் பச்சையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு கிலோ காய்ந்தது. பத்து நாள் கழித்துத்தான் ஆசைப்படுகிற அளவுக்கு விடலாம். தானியம் பக்கமே போக வேண்டாம், உடம்பு நன்றாகத் தேறிய பிறகு டாக்டர் சொன்னால் ஆரம்பிக்கலாம். பழைய எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் குதிரை பார்க்கும்போது நடக்கிற தப்புகள் சில உண்டு. மாட்டுத் தீவன மூட்டையைக் குதிரைக்குப் போடவே கூடாது, சிலவற்றில் கலக்கிற மோனென்சின் மருந்து மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும். தவிட்டை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் பாஸ்பரஸ் கூடிச் சுண்ணாம்புச்சத்து குறையும், மாதக்கணக்கில் போனால் முக எலும்பு வீங்கிவிடும். கம்பு நேப்பியர் புல்லில் இருக்கிற ஆக்சலேட்டும் அதே வேலையைச் செய்யும், அதை மட்டுமே நம்பாதீர்கள். வைக்கோல் வயிற்றை அடைக்கும், சத்தும் இல்லை.

பீச் குதிரையென்றால் வயிற்றில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை போட்டு, தரையைத் தொடாத சாணத்தில் ஐந்தாறு உருண்டையை ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பையைத் தொங்கவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கண்மணியின் பையில் அடியில் ஒரு விரல் அளவுக்கு மணல் படிந்து நின்றது, வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுத்தது. அவளுக்கு வருஷக்கணக்கில் தீவனத்தை மணலிலேயே கொட்டியிருக்கிறார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது குடலிலேயே கிடந்து வலியைக் கிளப்பும். அன்றிலிருந்து தீவனம் ரப்பர் பாய்மேல், டாக்டர் சொன்னபடி இசப்கோல். புரள்வது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, சாணம் போடாமல் இருப்பது தெரிந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே போன் போடுங்கள்.

குளம்பைத் தூக்கி அடியைப் பாருங்கள். நடுவில் முக்கோணமாக ரப்பர் மாதிரி இருக்கிற இடத்தில் கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல், ஈரத்தில் நின்றதால் வந்தது. காய்ந்த தரையும் தினசரிச் சுத்தமும் முக்கால்வாசி சரிசெய்துவிடும். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் வில் மாதிரி புடைத்திருந்தால் ரேஸில் வாங்கிய அடி, அது மேய்ச்சலுக்கும் மெதுநடைக்கும் தாங்கும், தாவுவதற்குத் தாங்காது. ரேஸிலிருந்து வந்தவற்றில் வயிற்றுப்புண் ரொம்பவே சகஜம், நாள் முழுக்கப் புல் கொறிக்கவிடுவதே பாதி மருந்து. ஆண் குதிரையென்றால், உடம்பு தேறியதும் காயடித்துவிடுங்கள்.

அப்புறம் பழக்குவது. இந்தக் குதிரை நாளில் பெரும்பகுதி லாயத்திலேயே வளர்ந்தது, திறந்த வெளியில் விட்டால் பயந்து வேலியில் மோதும். சின்னப் பட்டியில், சாதுவான ஒரு வயசான குதிரையோ ஆடோ துணைக்கு வைத்து ஆரம்பியுங்கள். கடிவாளத்தை இழுத்தால் நிற்கும் என்று நம்பி ஏறாதீர்கள், ரேஸில் இழுப்பைத் தாங்கிக்கொண்டு ஓடப் பழகியது, இழுத்தால் வேகம் கூடத்தான் செய்யும். ஏறும்போது அசையாமல் நிற்கவும் அதற்குத் தெரியாது, ஏனென்றால் ஜாக்கியை நடந்துகொண்டிருக்கும்போதே தூக்கி ஏற்றிவிடுவார்கள். முதல் மாதங்கள் முழுக்கக் கையில் பிடித்து நடத்துவது, நிற்பது, பின்னால் போவது, குரலுக்குத் திரும்புவது, இவ்வளவு போதும். கண்மணி முதல் தடவை தானாகக் கீழே படுத்துத் தூங்கியது ஏழாவது வாரம். நாங்கள் யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தோம்.

இனி வீடு தேடுவது. முதலில் காகிதம். இந்தியத் தரோபிரெட்டுகளின் பிறப்பும் அடையாளமும் புனேயில் உள்ள ஸ்டட் புக் ஆணையத்தில் பதிவாகியிருக்கும், கழுத்தில் இருக்கும் சிப்பை ரீடரில் படித்து, அங்க அடையாளத்தோடும் சுழிகளோடும் ஒத்துப் பாருங்கள். சுழி என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது: நம் ஊரில் சுழி சரியில்லை என்று நல்ல குதிரையை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்டு வருகிறவரை வற்புறுத்தாதீர்கள். வீட்டில் ஏதாவது நடந்தால் பழி குதிரைமேல்தான் விழும்.

கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை ஏக்கர் என்பதைவிட, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் தீனி வைப்பார்கள், குதிரைக்கு 20 வயதாகி ஏற முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலைவிட, அதைச் சொல்ல அவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று கவனியுங்கள். பத்து வயசுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கல்யாண ஊர்வலம், சவாரி, குதிரை வண்டிப் பந்தயம், குட்டி போட வைப்பது, எதற்கும் கொடுக்காதீர்கள். நேரில் போய் இடத்தைப் பாருங்கள், கம்பி வேலி முள்கம்பியா, தண்ணீர்த் தொட்டியில் பாசியா, ஏற்கெனவே இருக்கும் நாயும் மாடும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். கட்டிப்போட்ட நாயின் கழுத்தில் புண் இருந்த ஒரு பெரிய பண்ணையிலிருந்து நாங்கள் டீகூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறோம்.

பிடித்திருந்தால் இரண்டு மாதம் சோதனைக்கு. ஒப்பந்தத்தில் விற்கக் கூடாது, வேறு கைக்கு மாற்றக் கூடாது, முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்ப்போம் என்று தெளிவாக எழுதுங்கள். அசல் காகிதங்கள் உங்களிடமே இருக்கட்டும். ஏறவே முடியாத குதிரையை அதை மறைத்துக் கொடுக்காதீர்கள், துணைக் குதிரையாக மட்டும் வைத்துக்கொள்ளவும் ஆட்கள் இருக்கிறார்கள், தேட நேரம் ஆகும். சில குதிரைகளுக்கு எந்த வீடும் வேண்டாம், வலியை முடித்துவைப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொல்வார், அப்போது கடைசிவரை கூடவே நில்லுங்கள்.

கொடுத்த பிறகு முதல் மாதம், மூன்றாம் மாதம், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். போகும்போது அந்தத் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். போட்டோவில் எல்லாக் குதிரையும் நன்றாகத்தான் இருக்கும். கண்மணிக்குப் போன மாதம் சுற்றளவு 182, நீளம் 150இலேயே நிற்கிறது. 418 கிலோ. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், மசாலைக் கூட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.