இரண்டு துளைகளில் கிடைத்த நிலக்கரி ஒரே அடுக்கா? கண்டறியும் செய்முறை

நிலத்தடியை ஆராயச் சற்றுத் தள்ளித் தள்ளி இட்ட இரண்டு துளைகளிலும் நிலக்கரி வந்திருக்கிறது. இரண்டும் ஒரே அடுக்குதானா? நிலக்கரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர் அடுக்கு இன்னொன்றைப் போலவே இருக்கும். அதன் மேலும் கீழும் உள்ள பாறைதான் நம்பகமான சாட்சி.

படி 1: உருவான விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சதுப்பு நிலத்தில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. அங்கே விழுந்த தாவரங்கள் முழுதும் மட்காமல் பீட் ஆகச் சேர்ந்தன. நிலம் தாழத் தாழ, ஆறோ கடலோ மணலையும் சேற்றையும் அதன்மேல் கொட்டியது. அழுத்தமும் வெப்பமும் பீட்டை நிலக்கரியாக்கின. இது பல முறை நிகழ்ந்ததால்தான் ஒரே துளையில் பல அடுக்குகள் வருகின்றன. ஐரோப்பாவின் முக்கிய நிலக்கரி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கார்போனிஃபெரஸ் காலத்தது. இந்தியாவின் ஜரியா, ராணிகஞ்ச் வயல்களின் நிலக்கரி அதற்குப் பிந்தைய பெர்மியன் காலத்தது.

படி 2: இரு துளைகளையும் ஒரே அளவுகோலில் வரையுங்கள்

மணற்பாறை, களிப்பாறை, நிலக்கரி எல்லாவற்றையும் குறியுங்கள். நிலக்கரிக்கு அடியில் வேர்த்தடம் உள்ள களிமண் இருந்தால், தாவரங்கள் அங்கேயே வளர்ந்தவை எனலாம்.

படி 3: அடையாளப் படலத்தைத் தேடுங்கள்

வேலையின் உயிர்நாடி இதுதான். இரு துளைகளிலும் ஒரே காலத்தில் படிந்தது என்று அடையாளம் காணக்கூடிய மெல்லிய பாறைப் படிவே அடையாளப் படலம். கடல்வாழ் உயிரிகளின் எச்சம் கொண்ட மெல்லிய களிப்பாறை, கடல் ஏறிவந்த ஒரு காலத்தைக் காட்டும். அதைவிடச் சிறந்தது டோன்ஸ்டைன்: எரிமலைச் சாம்பல் களிமண்ணாக மாறிய, பெரும்பாலும் சில சென்டிமீட்டரே தடித்த படலம். பரந்த நிலப்பரப்பில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படிந்தது. அதிலுள்ள சிர்கான் என்னும் கனிமத்தின் படிகங்களைக் கொண்டு வயதையும் கணிக்கலாம். இவ்வளவு மெல்லிய படலத்தைத் துளைப் பதிவில் தவறவிடுவது எளிது. மாதிரியைக் கையிலெடுத்துப் பாருங்கள்.

படி 4: அடையாளப் படலங்களை முதலில் இணையுங்கள்

மேலிருந்து எண்ணி, மூன்றாவதை மூன்றாவதோடு சேர்க்கும் பழக்கம் ஆபத்தானது. பழைய ஆறு ஓர் அடுக்கை அரித்தே விட்டிருக்கலாம். நிலப்பிளவு அதை இடம்பெயர்த்திருக்கலாம். ஓர் அடுக்கே பலவாகப் பிரியவும் கூடும்: இங்கிலாந்தின் தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் சுமார் 9 மீட்டர் தடித்த ஒற்றை அடுக்கு, வடக்கே போகப் போகப் பல தனி அடுக்குகளாகப் பிரிகிறது.

படி 5: ஐயம் இருந்தால் வித்துத்தூளைச் சோதிக்கச் சொல்லுங்கள்

வித்துத்தூள் என்பது அக்காலத் தாவரங்கள் உதிர்த்து நிலக்கரியில் தங்கிவிட்ட நுண்ணிய வித்துகள். அதைச் சோதிப்பது ஆய்வகத்தின் வேலை. ஆனால் ஒரே சதுப்பின் ஓரத்திலும் நடுவிலும் வெவ்வேறு தாவரங்கள் வளர்ந்திருக்கும் என்பதால், வித்துத்தூள் மாறுபட்டாலே வேறு அடுக்கு என்று சொல்லிவிட முடியாது.

உறுதியான இணைப்பை முழுக்கோடாகவும் ஊகத்தைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். அடுத்த துளையின் பதிவு வரும்போது, எந்தக் கோட்டை முதலில் சோதிக்க வேண்டும் என்பது தெரியும்.