நெல் தோகை கருகுகிறதா? மருந்துக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர்

தோகை நுனி காய்ந்ததுமே மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள். பூஞ்சணத்துக்கு அடிக்கும் மருந்துகள் பலவும் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல் நோய்தானா என்று பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: காலையில் வயலுக்குப் போங்கள்

நுனியில் தொடங்கி இரு ஓரமும் நெளிநெளியாக மஞ்சளடித்து, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சந்தேகப்படலாம். புதிதாகக் கருகிய இலையில் காலை நேரத்தில் பால்போன்ற துளிகள் தெரியும். வெயில் ஏறினால் அவை காய்ந்து மஞ்சள் மணிகளாக ஒட்டிக்கொள்ளும்.

இளம்பயிரில் முழுத் தூரும் வாடினால் குருத்துப்பூச்சி என்று தோன்றும். செடியைப் பிடுங்கி, அடித்தண்டை வெட்டி விரலால் பிதுக்குங்கள். மஞ்சள் கசிவு வந்தால் பூச்சியின் வேலை அல்ல.

படி 2: டம்ளர் சோதனை

பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். முழுக்கக் காய்ந்த பகுதி வேண்டாம், அதில் கசிவு வராமல் போகலாம். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகைபோல வெண்மையாக ஒரு கோடு இறங்கும். அது அத்தனையும் பாக்டீரியா. இன்னொரு டம்ளரில் நல்ல இலையையும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

படி 3: எப்படி வந்தது?

இந்தப் பாக்டீரியாவின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. இலை ஓரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் வழியாகவோ, காயங்கள் வழியாகவோ உள்ளே போய், நீர் ஏறும் குழாய்களில் பெருகுகிறது. நரம்போடு கீழ்நோக்கிக் கருகுவது அதனால்தான். காற்றோடு அடிக்கும் மழை இலைகளை உரசிக் கிழித்து, கசிவை அடுத்த செடியில் தெளித்துவிடும். வயலுக்கு வயல் பாயும் தண்ணீரிலும் போகும். 25 முதல் 34 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குத் தோதான காலம். அறுவடைக்குப்பின் தாள்களிலும் வரப்புக் களைகளிலும் தங்கிக்கொள்ளும்.

படி 4: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

ரகங்களைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் பாக்டீரியா கலந்த நீரில் கத்தரிக்கோலை நனைத்து இலை நுனியை வெட்டுவார்கள். சுமார் 14 நாள் கழித்துக் கருகலின் நீளத்தை அளப்பார்கள். நடவின்போது நாற்று நுனியைக் கிள்ளுகிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இதேதான்! நுனியில் இருக்கும் பூச்சி முட்டையை ஒழிக்கத்தான் கிள்ளுகிறோம், உண்மை. ஆனால் இந்நோய் வழக்கமாக வரும் வயலில் நான் கிள்ள மாட்டேன். யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குத் திறக்க வேண்டாம்.

படி 5: ரகம்

நம்பகமான வழி இதுதான். இந்நோயைத் தடுக்கும் மரபணுக்களாக 40-க்கும் மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எக்ஸ்ஏ21 என்பது காட்டு நெல்லிலிருந்து வந்தது. எக்ஸ்ஏ13 செய்யும் வேலை வேடிக்கையானது: செடியின் சர்க்கரைக் கதவைத் திறக்க பாக்டீரியா ஒரு சாவி வைத்திருக்கிறது, இந்த மரபணு உள்ள ரகத்தில் பூட்டே மாறியிருக்கும்.

ஒரே மரபணுவை நம்பிய ரகத்தை எல்லாரும் பயிரிட்டால், பாக்டீரியா மாறிக்கொண்டு அதைத் தாண்டிவிடும். அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 மூன்றும் உண்டு. அப்படிப்பட்ட ரகத்திலும் சிறு கருகல் தெரியலாம், பதற வேண்டாம். நுனியோடு நின்றுவிட்டால் ரகம் தாங்குகிறது என்று பொருள்.

விதை வாங்கும்போது 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று மட்டும் சொன்னால், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். குலைநோயைத் தாங்கும் ரகம் இலைக்கருகலில் படுத்துவிடலாம்.