முதல் நுண்ணோக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

குறைந்த விலையில் நுண்ணோக்கி வாங்குவோர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் உருப்பெருக்க எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கருவியின் தரத்தைச் சொல்பவை பொருளருகு லென்ஸின் மீது சிறிதாகப் பொறித்திருக்கும் எண்களே.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பூச்சி, கல், நாணயம் போன்றவற்றுக்கு 20 முதல் 40 மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி (இரு கண்களாலும் பொருளை முப்பரிமாணமாகப் பார்க்கும் கருவி) போதும். செல்களையும் குளத்து நீரில் திரியும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியையும் காண, ஸ்லைடில் வைத்த மெல்லிய மாதிரியைக் கீழிருந்து வரும் ஒளியில் பல நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் கூட்டு நுண்ணோக்கி தேவை. இனி வருபவை கூட்டு நுண்ணோக்கிக்கானவை.

படி 2: லென்ஸைப் படியுங்கள். 40/0.65 என்றிருந்தால், 40 என்பது உருப்பெருக்கம், 0.65 என்பது நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனைக் குறிக்கும் நியூமெரிக்கல் அப்பர்ச்சர். இந்த இரண்டாவது எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் கிடைக்கும் ஏறத்தாழ 650 மடங்குதான் அந்த லென்ஸின் பயனுள்ள எல்லை. அதனுடன் 10 மடங்கு கண்ணருகு லென்ஸைச் சேர்த்தால் 400 மடங்கில் தெளிவான உருவம் கிடைக்கும். 25 மடங்கு கண்ணருகு லென்ஸைப் பொருத்தினால் கணக்கில் 1000 வரும்; ஆனால் உருவம் பெரிதாகி மங்குமேயன்றி புதிதாக ஒன்றும் தெரியாது.

படி 3: ஒளியமைப்பைக் கவனியுங்கள். ஸ்லைடை வைக்கும் மேடைக்குக் கீழே, ஒளியைக் குவித்து அனுப்பும் கண்டென்சரும், திறப்பைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸும் இருக்க வேண்டும். சாயமிடாத கன்னச் செல்களை ஐரிஸை முழுதும் திறந்து பார்த்தால் அவை வெளிச்சத்தில் கரைந்து போகும். மெல்லச் சுருக்கிக்கொண்டே வந்தால் செல்லின் விளிம்பும் உட்கருவும் எழுந்து தெரியும். இரு கண்களாலும் பார்க்கும் வசதியைவிட இதற்கே நான் முன்னுரிமை தருவேன்.

படி 4: இயக்கிப் பாருங்கள். 40 மடங்கு லென்ஸில் உருவத்தைக் கூர்மையாக்கிவிட்டுக் கையை எடுத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். உருவம் தானாக மங்கினால் மேடை கீழே சரிகிறது என்று பொருள். குவியத்தை மிக நுட்பமாகச் சரிசெய்யும் நுண்குவியத் திருகு இல்லாத கருவியைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்லைடைத் திருகால் நகர்த்தும் மேடை இருந்தால், ஓடும் உயிரிகளைப் பின்தொடர்வது எளிதாகும்.

படி 5: எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸை ஒத்திப்போடலாம். பாக்டீரியாவை நுணுகிப் பார்க்கும்போதுதான் அது அவசியமாகும். பொருளருகு லென்ஸ்களைத் தாங்கும் சுழல்தலையில் ஓர் இடம் காலியாக இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கருவியை வாங்குவதானால், லென்ஸ்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.