பிடித்த வேலையை விடாமல் நிதிச் சுதந்திரம்: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு தொடக்கக் கணக்கு

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவர், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர், தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இவர்களில் பலருக்குத் தங்கள் தொழில் பிடிக்கும். இரவு ஷிப்டும், தவணை கட்டுவதற்காகச் செய்யும் ஓவர்டைமும்தான் ஆளைத் தின்கின்றன. நாற்பது வயதில் வேலையை உதறிவிட்டு உட்காரும் கணக்கு இவர்களுக்கு உதவாது. வேலை தொடரட்டும், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்பதை நாமே முடிவு செய்யும் நிலைக்கு வர வேண்டும். அதற்குத் தேவையான தொகை, பலரும் நினைத்து மலைப்பதைவிடக் குறைவு.

முதல் படி: செலவை எழுதுங்கள்

மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதினால் போதும். வாடகை, மளிகை, கேன் தண்ணீர் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, மொய், சீர்வரிசை ஆகியவைதான் விடுபடும். அவற்றின் ஓராண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவோடு சேருங்கள்.

இரண்டாம் படி: தண்டலை முடியுங்கள்

பத்தாயிரம் ரூபாய் தண்டல் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருகிறார்கள். நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். பார்க்க 15 சதவீத வட்டிபோலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்த அளவுக்கு ஈட்டித் தரும் முதலீடு எதுவும் கிடையாது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்தாவது தண்டலை அடைத்துவிடுங்கள். அதுவரை சேமிப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள்

நம் பகுதியில் இது கட்டாயம். காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலை நம்பியவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது அங்குள்ள மீனவர்கள் பிழைப்பை இழந்து நின்றார்கள். இந்தப் பணம் வங்கியில் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. பதிவு பெறாத ஏலச்சீட்டில் இதைப் போடாதீர்கள். நடத்துபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

நான்காம் படி: உங்கள் இலக்குத் தொகை

கணக்கின் மையம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். சேர்த்த பணத்தில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டு போனால் 30 ஆண்டு தாங்கும் என்று 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் கணக்கிட்டார். அதாவது ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்திருக்க வேண்டும். அது அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு. இங்கே விலைவாசி வேகமாக ஏறுவதால் நான் 30 மடங்கு வைக்கச் சொல்வேன்.

மாதம் 30,000 ரூபாய் செலவு என்றால் ஆண்டுக்கு 3.6 லட்சம். முப்பது மடங்கு, 1 கோடியே 8 லட்சம். இந்த எண்ணைக் கேட்டதும் நோட்டை மூடிவிடுகிறவர்கள் உண்டு. மூடாதீர்கள். இரவு ஷிப்டை விட்டுவிட்டுப் பகலில் பாதி நேரம் பட்டறை வேலை, மாலையில் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி என்று உங்களுக்குப் பிடித்த வழியில் மாதம் 18,000 வருமென்றால், சேமிப்பு ஈடுகட்ட வேண்டியது 12,000 மட்டுமே. ஆண்டுக்கு 1.44 லட்சம், முப்பது மடங்கு, 43 லட்சத்து 20 ஆயிரம். பிடித்த வேலை இலக்கைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

இந்த 43 லட்சத்தில் பி.எஃப். பணத்தைச் சேர்க்காதீர்கள். உடல் தளரும்போது அந்த 18,000 நின்றுபோகும். பி.எஃப்., ஓய்வூதியம் எல்லாம் அந்த வயதுக்கு உரியவை. கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே போடுவது

நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்ட் (பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) ஒன்றில் மாதந்தோறும் ஒரு தொகை போடுங்கள். கூடவே அஞ்சலகத்தில் ஒரு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு: 15 ஆண்டுத் திட்டம், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்தத் தொகைக்கு அம்மாத வட்டி சேரும். மாதம் 10,000 ரூபாயில் தொடங்கி, விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தொகையைக் கூட்டி, விலைவாசி உயர்வைவிட 4 சதவீதம் கூடுதலாக ஈட்டினால் 20 ஆண்டில் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35 லட்சம் சேரும். பங்குச் சந்தையில் இதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் இரண்டிலும் பிரித்துப் போடச் சொல்கிறேன். நகை வாங்குவது உங்கள் விருப்பம். செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்பதால் அதை இந்தக் கணக்கில் எழுத வேண்டாம்.

ஆறாம் படி: மாறுவதற்கு முன்

விரும்பும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதே செய்து பாருங்கள். அதில் எவ்வளவு வருகிறது, சில மாதம் கழித்தும் பிடிக்கிறதா என்பது தெரிந்த பிறகு நான்காம் படிக் கணக்கைத் திருத்திப் போடுங்கள்.

நிரந்தர வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) அல்லது கம்பெனி மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தனியார் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். எனவே ஷிப்டை விட நினைக்கும் ஆண்டுக்கு மூன்று ஆண்டு முன்பே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். அதன் பிரீமியத்தையும் முதல் படியில் எழுதிய செலவுப் பட்டியலில் சேருங்கள்.