பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

பூநாரைகளைப் பார்த்தவுடன் கண் நிறத்துக்குத்தான் போகும். ஆனால் இனத்தையோ வயதையோ நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அலகு, கழுத்து, கால் இந்த மூன்றையும் கவனிக்கப் பழகினால், அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கூட்டத்தில்கூட என்ன நடக்கிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகப் பறவைகளின் காலில் மாட்டும் எழுத்துள்ள வளையங்களைப் படிக்க வேண்டுமென்றால் 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் ஆடாத முக்காலியும் தேவை. சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம் நல்ல நேரம். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெயில் ஏறியதும் சேற்றுப் பரப்பில் கானல் எழும்பி, கால்கள் நெளிவதுபோல் தெரியும். அப்போது 60 மடங்குக்குப் போனால் கானலும் சேர்ந்து பெரிதாகும், 25-க்கு இறக்கிவிடுங்கள்.

நெருங்கும்போது கழுத்துகளைப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை தலையைத் தூக்கிக் கழுத்தை நேராக நிறுத்தினால், நீங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நெருக்கமாகச் சேர்ந்து எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். அடுத்தது ஓட்டம், பிறகு பறத்தல். நீரின் மேல் பல அடிகள் ஓடித்தான் அவற்றால் எழும்ப முடியும் என்பதால், ஒவ்வொரு கிளம்பலும் அவற்றுக்குப் பெரிய ஆற்றல் செலவு. கூடு கட்டும் திட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது, ட்ரோனும் பறக்கவிடக் கூடாது. ஒரு ஜோடி ஒரு பருவத்தில் இடுவது ஒரே ஒரு முட்டை. கூட்டம் மிரண்டால் நூற்றுக்கணக்கான கூடுகள் ஒரே நேரத்தில் கைவிடப்படலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறிய பூநாரைகள் தவறாமல் இனப்பெருக்கம் செய்வது தான்சானியாவின் நேட்ரான் ஏரி ஒன்றில்தான். அதனால் இத்தகைய இடங்களில் ஒரு பருவம் கெட்டால் அதற்கு மாற்று இல்லை.

உலகில் 6 இனங்கள் உண்டு. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பாவில் காணக்கூடியவை பெரிய பூநாரையும் சிறிய பூநாரையும். மற்ற நான்கும் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்பவை. பெரியதன் அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு, கண் வெளிர் மஞ்சள். சிறியதன் அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. தூரத்தில் கறுப்பாகவே தெரியும். பலர் தவறுவது இளம் பறவைகளில். பெரிய பூநாரையின் குஞ்சு வளர்ந்த பிறகும் பழுப்புச் சாம்பல் நிறத்தில், சாம்பல் அலகோடு, தாய் தந்தையைவிடச் சிறியதாக இருக்கும். அதைச் சிறிய பூநாரை என்று எழுதிவிடுகிறார்கள். இளம் பறவையின் அலகில் நுனிக் கறுப்பு தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அது பெரிய பூநாரை. கால்களும் சாம்பலாக இருக்கும். முழு நிறம் வர இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும்.

அலகு தெளிவாகத் தெரியாவிட்டால் மேயும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். இதுதான் இந்தப் பறவையின் மிக அற்புதமான பகுதி; அவசரப்படாமல் ஒரே பறவையைப் பத்து நிமிடம் பாருங்கள். பெரிய பூநாரை தலையை முழுவதும் தண்ணீருக்குள் விட்டு, அடிச்சேற்றைக் கிளறி, சிறு இறால்களையும் புழுக்களையும் விதைகளையும் எடுக்கும். கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி ஒரே இடத்தில் சுற்றும். தண்ணீர் வற்றிய பிறகு சேற்றில் வட்டமான பள்ளங்கள் தெரிந்தால், அது இந்த மிதியின் தடம். சிறிய பூநாரை நீரின் மேல்பரப்பை அலகால் இருபுறமும் வீசி வடித்துக்கொண்டே போகும், பல நேரம் நீந்தியபடியே. அதன் உணவு நுண்ணிய பாசிகள், குறிப்பாக ஸ்பைருலினா. இரண்டிலுமே தலை தலைகீழாகத்தான் இருக்கும். தடித்த நாக்கு பம்ப் கைப்பிடிபோல் முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்து வெளியேற்ற, அலகின் உள்ளே இருக்கும் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு உணவைப் பிடித்துக்கொள்கிறது. சிறிய பூநாரையில் இந்தப் பற்கள் மிக நெருக்கமானவை. அதனால்தான் ஒரே ஏரியில் இரண்டு இனங்களும் போட்டியில்லாமல் மேய முடிகிறது.

நிறம் வருவது இந்த உணவிலுள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளிலிருந்து. பெரிய பூநாரைகள் வாலடி எண்ணெய்ச் சுரப்பியின் நிறமுள்ள கசிவைக் கழுத்திலும் மார்பிலும் தேய்த்துக்கொள்ளவும் செய்கின்றன. இனப்பெருக்கக் காலத்துக்கு முன் இது கூடும். குஞ்சு வளர்க்கும்போது பெற்றோர் வெளுத்துப்போகும். ஆகவே வெளிறிய பறவையை நோயாளி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒற்றைக் காலில் நிற்பது ஓய்வு. பாதி காலில் முட்டிபோலத் தெரிவது கணுக்கால். உண்மையான முழங்கால் உடலோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. இறந்த பூநாரையின் உடலைக்கூடத் தசை முயற்சி இல்லாமல் ஒற்றைக் காலில் நிறுத்த முடியும் என்பதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நிலையில் மூட்டுகள் தாமாகவே எடையைத் தாங்கிக்கொள்கின்றன.

கூட்டம் திடீரென்று நெருங்கி, ஒரே திசையில் வேகமாக நடந்து, சட்டென்று எல்லாம் திரும்பினால் அது பயம் அல்ல, இணைசேர்வதற்கான ஆட்டம். கழுத்தை நிமிர்த்தித் தலையை இடமும் வலமுமாக வெட்டித் திருப்புவதையும், சிறகுகளைச் சில நொடிகள் விரித்துக் கறுப்பும் சிவப்பும் காட்டி மூடுவதையும் பாருங்கள். பயந்த கூட்டத்தில் இப்படித் தலையைத் திருப்புவது இருக்காது.

கூடு சேற்றைக் குவித்துச் செய்த சிறு மேடு, 30 செ.மீ. வரை உயரம். ஏறக்குறைய 4 வாரம் இருவரும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சின் அலகு முதலில் நேராக இருப்பதால் அதனால் வடிகட்ட முடியாது. தாய், தந்தை இருவருமே உணவுப் பாதையில் சுரக்கும் சிவந்த திரவத்தைப் புகட்டுகின்றன. அலகிலிருந்து சிவப்பாக வழிவதைப் பார்த்து ரத்தம் என்று பதற வேண்டாம்.

எண்ணும்போது முதலில் 10 பறவைகளைத் துல்லியமாக எண்ணி, அவை எவ்வளவு அகலம் பிடிக்கின்றன என்று மனதில் கொள்ளுங்கள். அதை வைத்து 100-க்கான அளவை உருவாக்கி, அந்த அளவால் கூட்டத்தை இடமிருந்து வலமாக அளந்துகொண்டே போங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பின்வரிசையில் தலை கவிழ்ந்து மேய்பவை மறைந்துபோவதால் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே வரும். கரையில் சற்று உயரமான இடத்தில் நின்றால் இது குறையும். இளம் பறவைகளின் விகிதத்தை ஓரத்தில் மட்டும் எடுக்க வேண்டாம், அவை ஒரே பக்கமாகச் சேர்ந்து நிற்கக்கூடும். நான்கைந்து இடங்களில் ஐம்பது ஐம்பதாகப் பாருங்கள். வளையம் தென்பட்டால் அதன் நிறம், எந்தக் கால், கணுவுக்கு மேலா கீழா, எழுத்துகள் எந்த வரிசையில் இருந்தன என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து தெளிவாக இல்லையென்றால் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போடுங்கள்.